மூலம் கையில் உள்ளவர்

நான் தமிழ் படித்தவன். கணிதத்தோடு என் உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது. ஆகவே இக்கட்டுரையில் கணிதம் குறைவாகவும் அதைச் சுற்றிய வரலாறு கூடுதலாகவும் இருப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் கணிதத் துறை நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். அவரிடம் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, ஓராண்டு உழைத்துச் செய்த கணக்குகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் சேமித்து வைத்திருந்தாள். அதன் உரிமக் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கப் பணமில்லை. கோப்புகள் அப்படியே இருக்கின்றன, திறக்கத்தான் முடியவில்லை. தன் கையெழுத்தில் உள்ள நோட்டை இன்னொருவர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதைப் போல அந்தப் பெண் அழுதாளாம்.

"தமிழய்யா, உங்கள் வீட்டு மாடியில் அந்தப் பழைய லினக்ஸ் பெட்டி இன்னும் ஓடுகிறதா?" என்றார் நண்பர். ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்துருக்களுக்காக ஒரு காலத்தில் நான் பாடுபட்டு நிறுவிய கணினி அது. அதில் மேக்சிமா என்னும் கணினி இயற்கணித முறைமையை நிறுவி, கணக்குகளை அதில் மறுபடி செய்யலாம் என்பது அவர் திட்டம். ஆயத்தமாகக் கிடைத்த பொதியில் மாணவிக்குத் தேவையான ஒரு தொகையீடு பிழையாக வந்தது. பிந்தைய பதிப்பில் அதைத் திருத்தியிருந்தார்கள். அந்தப் பிந்தைய பதிப்போ என் பழைய பெட்டிக்கு ஏற்ற வடிவில் இல்லை. ஆகவே மூலநிரலை இறக்கி நாங்களே தொகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கணினி இயற்கணிதம் என்பது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சட்டைப்பையில் வைக்கும் கணக்கி 1ஐ 3ஆல் வகுத்தால் 0.3333 என்று எழுதிக்கொண்டே போய் இடம் தீர்ந்ததும் நிறுத்திவிடும். அது எண்ணை அறியும், உருவை அறியாது. இயற்கணித முறைமை அப்படியன்று. 1/3ஐ அது 1/3 ஆகவே வைத்துக்கொள்ளும். 2இன் வர்க்கமூலத்தை √2 என்றே காத்து, பிறகொரு √2 வந்து பெருக்கும்போது பிசிறின்றி 2 என்று விடை தரும். கோவைகளைக் காரணிப்படுத்தும், வகைக்கெழு காணும், தொகையிடும். தாளும் பென்சிலும் கொண்டு மனிதர் செய்யும் வேலையைக் குறியீடுகளைக் கொண்டே செய்யும்.

தொகுக்க உட்கார்ந்தோம். முதல் கட்டளை கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பவரைப் போலக் கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது: லிஸ்ப் இல்லை. மேக்சிமா லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. லிஸ்ப் இல்லாமல் அதை எழுப்ப முடியாது. ஜிசிஎல் என்னும் லிஸ்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார் நண்பர். அதைத் தொகுக்கச் சி மொழியின் தொகுப்பி வேண்டும். நல்லவேளையாக அது இருந்தது. அந்தத் தொகுப்பியும் ஒரு காலத்தில் இன்னொரு தொகுப்பியால் தொகுக்கப்பட்டதுதானே என்று நான் கேட்டேன். "ஆமாம் ஐயா, அங்கே போனால் முடிவில்லை" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சொல்லில்தான் மனம் நின்றது. தொகுத்தல் என்பது எங்கள் துறைச் சொல். எட்டுத்தொகை என்கிறோம், தொகுத்தவர் தொகுப்பித்தவர் என்று இருவரையும் வேறுபடுத்திச் சொல்கிறோம். தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. கணினிக்காரர் செய்வது இந்நான்கில் எது? மனிதர் படிக்கும் மொழியில் உள்ளதை எந்திரம் படிக்கும் மொழிக்கு மாற்றுகிறார்கள். அது நான்காவதாகிய மொழிபெயர்ப்பே, முதலாவது அன்று. நிரல்பெயர்ப்பு என்று சிலர் சொன்னதே பொருத்தமான சொல் என்று இப்போதும் நினைக்கிறேன். வழக்கு வென்றுவிட்டதால் நானும் தொகுத்தல் என்றே எழுதுகிறேன். ஆனால் இந்த மொழிபெயர்ப்பில் ஒரு விபரீதம் உண்டு. பெயர்த்து முடித்தபின் மூலத்தை மறைத்துவிட்டாலும் பெயர்ப்பு வேலை செய்யும். விடை சொல்லும். ஏன் அந்த விடை என்று கேட்டால்தான் ஊமையாகிவிடும்.

மேக்சிமாவின் முன்னோர் பெயர் மேக்சிமா அன்று, மேக்சைமா. 1968 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் எங்கல்மன், வில்லியம் மார்ட்டின், ஜோயல் மோசஸ் ஆகிய மூவர் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்பு, 1961இல், ஜேம்ஸ் ஸ்லாகிள் என்பவர் கல்லூரி முதலாண்டு மாணவனைப் போலத் தொகையிடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். மோசஸ் 1967இல் அதைவிடத் தேர்ந்த ஒன்றை எழுதி முனைவர் பட்டம் பெற்றிருந்தார். இவையெல்லாம் ஒன்றுகூடி வளர்ந்ததே மேக்சைமா. அதன் வளர்ச்சிக்குப் பணம் கொடுத்தவற்றுள் அமெரிக்க எரிசக்தித் துறையும் ஒன்று. 1970களில் ஆர்பாநெட் வலை வழியாகப் பல பல்கலைக்கழகத்தார் தொலைவிலிருந்தே அந்த ஒற்றைக் கணினிக்குள் நுழைந்து அதைப் பயன்படுத்தினர்.

1982இல் பாதை இரண்டாகப் பிரிந்தது. வணிக உரிமம் சிம்பாலிக்ஸ் என்னும் நிறுவனத்துக்குப் போனது. (இணையத்தில் முதன்முதலாகப் பதிவான 'டாட் காம்' முகவரி 1985இல் இந்நிறுவனம் பெற்றதுதான், அது ஒன்றே இன்று பலர் நினைவில் நிற்கிறது.) பணம் கொடுத்த உரிமையில் எரிசக்தித் துறைக்கும் மூலநிரலின் படி ஒன்று கிடைத்தது. வணிகப் படி வளர்ந்தது, விற்றது, 1992இல் தனி நிறுவனமாயிற்று, 1999இல் கைமாறியது. அதன்பின் பேச்சில்லை. இன்று அதைத் திருத்தவோ வளர்க்கவோ எவருமில்லை.

அரசிடம் இருந்த படியைப் பற்றிக்கொண்டவர் டெக்சஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர். 1982 முதல் ஏறக்குறைய தனியொருவராக அவர் அதைப் பேணினார். பேணுதல் என்றால் பெட்டியில் வைத்திருப்பதன்று. அந்நிரல் எழுதப்பட்ட கணினிகள் மறைந்துகொண்டிருந்தன. அது பேசிய லிஸ்ப் கிளைமொழியும் வழக்கிழந்துகொண்டிருந்தது. ஷெல்ட்டர் அதைப் பொதுலிஸ்ப்புக்கு மாற்றினார். அதற்கு நல்ல லிஸ்ப் வேண்டுமே என்று, ஜப்பானின் கியோட்டோவில் யுவாசா, ஹகியா என்னும் இருவர் 1984இல் செய்த லிஸ்ப்பை எடுத்து ஆஸ்டினில் இருந்துகொண்டு செப்பனிட்டார். நானும் நண்பரும் அன்று இறக்கிய ஜிசிஎல் அதன் வழிவந்ததுதான். லிஸ்ப்பில் உள்ளதைச் சி மொழிக்கு மாற்றி, பிறகு சியின் தொகுப்பியிடம் ஒப்படைப்பது அதன் முறை. அந்தச் சி தொகுப்பி, ஜிசிசி, இன்டெல் 80386 சில்லில் ஓடுவதற்கான வேலையில் பெரும்பகுதியையும் செய்தவர் இதே ஷெல்ட்டர். ஓர் ஏட்டைப் படியெடுக்க வந்தவர் பனையேறி ஓலை இறக்கி, எழுத்தாணியையும் தாமே அடித்துக்கொண்டதைப் போன்றது இது. நண்பர் இதைச் சொன்னபோது அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்த புரியாத வரிகளை நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

இவ்வளவு செய்தும் அதைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை அவருக்கில்லை. 1998 அக்டோபரில்தான் எரிசக்தித் துறை எழுத்துமூலம் இசைவளித்தது. அவர் அதைப் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிட்டார். யாரும் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் பிறர் பெறும்படி விட வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம். 2001 ஜூலை 30 அன்று ஷெல்ட்டர் இறந்தார். இசைவுக்கும் இறப்புக்கும் இடையில் மூன்றாண்டு கூட இல்லை. அந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் அவர் படியும் அவர் மேசையோடு போயிருக்கும். கடிதம் வந்ததனால் அவருக்குப் பின் ஒரு தன்னார்வலர் குழு எடுத்துக்கொண்டது, இன்றும் நடத்துகிறது.

தமிழ் படித்தவர்கள் இதைக் கேட்டு உ.வே.சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியாது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியதற்கு முன் அந்நூல் இல்லாமல் இல்லை. மடங்களிலும் வீடுகளிலும் ஏடாக இருந்தது. ஆனால் ஒப்பு வேறு ஓரிடத்தில்தான் பொருந்துகிறது என்று எனக்குப் படுகிறது. ஐயருக்கு மூலம் மட்டும் போதவில்லை, நச்சினார்க்கினியர் உரை வேண்டியிருந்தது. நிரலிலும் அப்படியே. ஐபிஎம் நிறுவனத்தில் வளர்ந்த ஆக்சியம் என்னும் இன்னொரு இயற்கணித முறைமை 2001இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, அதன் மூலநிரல் டிம் டேலி என்பவர் கைக்கு வந்தது. மூலம் கிடைத்துவிட்டது, ஆனால் உடனே தொகுக்க முடியவில்லை. ஆக்சியத்தின் இயற்கணிதப் பகுதி ஆக்சியத்தின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. அதைத் தொகுக்க ஏற்கெனவே ஓடும் ஆக்சியம் ஒன்று வேண்டும். ஒன்றையொன்று சுட்டும் அந்த வட்டத்தை எங்கே அறுப்பது என்று கண்டுபிடித்த பிறகே அது உயிர்பெற்றது. அதன்பின் டேலி செய்ய முனைந்த காரியம் நிரல் முழுவதையும் உரையோடு சேர்த்து நூலாக எழுதுவது. எழுதியவர்கள் போய்விட்டால் நிரல் மட்டும் போதாது, அவர்கள் நினைத்ததும் வேண்டும் என்பது அவர் கட்சி.

மூலம் தொலைந்த கணக்கு எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எங்கள் செஞ்சியிலிருந்து கிழக்கே பேருந்தேறினால் வரும் புதுச்சேரி போதும்.

1761ஆம் ஆண்டு இந்தப் பகுதிக்குக் கெட்ட ஆண்டு. ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, ஏப்ரலில் செஞ்சிக்கோட்டையும் விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து காண வந்துகொண்டிருந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜாந்தி, ஊர் பறிபோன செய்தி கேட்டுக் கப்பலோடு திரும்ப நேர்ந்தது. ஆடும் கப்பலில் நின்று பார்த்தது அளவைக்குப் பயன்படவில்லை. அடுத்த கடப்பு 1769இல். காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, இடிபாடுகளின்மேல் ஆய்வுக்கூடம் எழுப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று பார்த்து மேகம் மூடியது. இந்தத் துயரக்கதை பலர் அறிந்தது. அவர் காத்திருந்த நாட்களில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னதாகவும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய மேயரின் கணக்கு 68 விநாடி கூட்டிச் சொன்னதாகவும் அவர் குறித்து வைத்தார்.

அரை நூற்றாண்டு கழித்து ஜான் வாரன் வருகிறார். பிரெஞ்சுப் பிறப்பு, ஆங்கிலப் படைவேலை. சென்னை வானாய்வகத்தை 1805 முதல் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். 1825இல் சென்னையில் வெளியான அவருடைய 'கால சங்கலிதம்' தென்னிந்தியக் காலக்கணக்கைப் பற்றியது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அவருக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31 இரவில் நிகழ்ந்த கிரகணம் அது. தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை. கணித்தவருக்கு அம்முறையின் பின்னுள்ள வானியல் ஒன்றும் தெரியாது, நினைவாற்றலும் ஒழுங்குமே அவருடைய மூலதனம் என்று வாரன் எழுதுகிறார்.

வாரனின் குரலில் ஓர் ஏளனம் இருக்கலாம். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. சோழிகளைக் கொண்டு கிரகணத்தைக் கணிப்பது எளிய காரியமா? அந்த வாக்கியங்களின் அமைப்பைப் பாருங்கள். சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் மாறிமாறிச் செல்கிறது. அந்த மாற்றம் ஒரு சுற்றுக்கு 27 நாளும் அரையும் சொச்சமும் எடுக்கும். ஒன்பது சுற்று ஏறக்குறைய முழுசாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியம் மனப்பாடம் செய்துவிட்டால் சந்திரனின் போக்கு கைக்குள் வந்துவிடும். சொச்சத்தைச் சரிக்கட்ட 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12372 நாள் என்னும் பெரிய எண்கள். எண்களைச் சொல்லாக்க கடபயாதி முறை: 'தேவர' என்றால் எழுத்துக்கு எட்டு, நான்கு, இரண்டு, பின்னிருந்து படித்தால் 248. 'காலநில' என்றால் 3031. (ககரத்தின் நான்கு ஒலிகளுக்கும் நான்கு எண் கொடுக்கும் இம்முறை தமிழ் எழுத்தில் நடக்காது, கிரந்தம் வேண்டும். தமிழர் கணக்கு வடமொழி ஒலியில் சேமிக்கப்பட்டிருந்தது என்பது நம் பெருமைப் பேச்சுகளில் வசதியாக மறக்கப்படுகிறது.)

சோழிக்காரரிடம் இருந்தது தொகுத்து முடிந்த நிரல். பிசகின்றி ஓடியது. 52 நிமிடம் எங்கே பிசகியது என்று கேட்டால் அவர் எந்த வாக்கியத்தைத் திருத்துவார்? திருத்தும் வழி கைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் 248 வாக்கியங்களையும் விகலை வரை நுட்பமாக மறுபடி செய்தார். பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு 1431இல் திருக்கணிதத்தை அமைத்தார். இருவரும் கேரளத்தவர். பெயர் தெரியாத அந்தப் புதுச்சேரிக்காரரைவிட அவர்கள் புத்திசாலிகள் என்பதல்ல என் வாதம். அவர்களுக்கு வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்திருந்தது. இவருக்கு அது வந்து சேரவில்லை. இடையில் எந்தத் தலைமுறையிலோ ஓர் ஆசான் விடைகளை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

வாரன் எழுதிவைத்ததைப் படித்தே 1952இல் ஆட்டோ நாய்கபாவர் தமிழ் வானியல் என்னும் கட்டுரையை எழுதினார். 248ம் 3031ம் மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரசு ஏடொன்றிலும் உண்டு, அம்முறையின் வேர் பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகைகளில் உண்டு என்று காட்டினார். தரையில் பரப்பிய சோழிகளுக்குப் பின்னால் அத்தனை தொலைவு! பத்தாண்டு கழித்து 1962இல் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சுந்தரராஜரின் உரையோடு 'வாக்கியகரணம்' நூலைச் சென்னையில் பதிப்பித்தார்கள். மூலமும் உரையும் அப்போதுதான் அச்சில் ஒன்றாய்ச் சேர்ந்தன. அது பிறந்த பிறகும் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது. சனிப்பெயர்ச்சி எந்த நாள் என்று கேட்பவர்களில் எவரும் எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

மாடிக்குத் திரும்புகிறேன். லிஸ்ப் எழுந்தது, அதன்மேல் மேக்சிமா எழுந்தது. நிறுவுவதற்கு முன் ஒரு சோதனைக் கட்டளை உண்டு. விடை தெரிந்த ஆயிரக்கணக்கான கணக்குகளைப் புதிதாகத் தொகுத்த நிரலிடம் கொடுத்து, வந்த விடையை எழுதியுள்ள விடையோடு ஒப்பிடும். பல நிமிடங்கள் ஓடியது. இறுதியில் பிழையில்லை என்று காட்டி, பக்கத்திலேயே 'எதிர்பார்த்த பிழைகளைச் சேர்க்காமல்' என்று ஒரு குறிப்பும் போட்டது. எதிர்பார்த்த பிழையா என்று கேட்டேன். எங்கள் நிரல் இந்த இந்தக் கணக்குகளில் இன்னும் தவறுகிறது என்று செய்தவர்களே வரிசையெண்ணோடு பட்டியல் இட்டிருக்கிறார்கள் என்றார் நண்பர். பொருள் விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று அடிக்குறிப்பு எழுதிய பழைய பதிப்பாசிரியர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் அதிகமில்லை.

மாணவியின் தொகையீட்டை இட்டுப் பார்த்தோம். சரியாக வந்தது. எந்த வரியில் அதைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று நண்பர் மூலநிரல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார். மணி பதினொன்றைத் தாண்டியது. செஞ்சிக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. மாடியிலேயே பாயை விரித்துக் கொடுத்தேன்.